ஒரே ஒரு படத்தின் நாயகி

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவு. நம்மில் பலர் அச்சாலையில் எத்தனையோ முறை பயணம் செய்திருப்போம். மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் திருத்தலங்களுக்கும் அவ்வழியே சென்று திரும்பியிருப்போம். 1930-ஆம் ஆண்டையொட்டிய ஓர் இரவில், அதே சாலையில், சரக்கு லாரி ஒன்றில் ஏறி, தெற்கு நோக்கி ஓர் இளம்பெண் தப்பி வந்தார். அவருடைய குடிசை எரிந்துபோயிருந்தது. பிறந்த ஊருக்கு இனித் திரும்ப முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் திருடவில்லை, எவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒரு திரைப்படத்தில் நடித்திருந்தார். அதுவே அவர் செய்த குற்றம்.

அவர் பெயர் ரோசி. மலையாளத் திரையுலகின் முதல் கதாநாயகி. அவருடைய கலை வாழ்வின் தொடக்கமும் முடிவும் அந்த ஒரே படத்தில் அடங்கிவிட்டன. ஒரு நடிகையின் வரலாறு என்று மட்டும் இதைப் படித்துவிட்டுக் கடந்து செல்ல நம்மால் இயலாது. நமது மண்ணின் கதையும், நமது விசுவாசத்தின் கதையும் இதில் கலந்துள்ளன.

புல் அறுத்தவர், பாடி ஆடியவர்

ரோசி 1903-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 10-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த நந்தன்கோட்டில் பிறந்தவர். புலையர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பம். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-இல். எனவே, ரோசியின் முன்னோர் அடிமைகளாக வாங்கப்பட்டும் விற்கப்பட்டும் வந்த காலம் அவர் பிறப்புக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னர்தான் முடிந்திருந்தது. சட்டம் மாறியதே அன்றி, வயலும் வறுமையும் மாறவில்லை. ரோசி புல் அறுத்து விற்றுப் பிழைத்தார்.

அக்காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் மறைப்பணியாளர்களின் வாயிலாகக் கிறித்தவம் தழுவினர். கோயில் தெருவில் நடக்கவும் பள்ளியில் அமரவும் மறுக்கப்பட்டவர்களுக்கு, எழுத்தறிவும் மனிதர் என்ற மதிப்பும் அங்கே ஓரளவேனும் கிடைத்தன. ரோசியின் குடும்பமும் அவ்வழி வந்ததே. ரோசி என்ற பெயரே அதற்குச் சான்று.

வயலில் வேலை முடிந்தபின் அவருக்கு இன்னோர் உலகம் இருந்தது. அது காக்காரிசி நாடகம். சிவனும் பார்வதியும் நாடோடிக் குறவர்களாக வேடமிட்டு வந்து, குறி சொல்லி, ஊராரோடு உரையாடும் நாட்டுப்புறக் கலை அது. தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் பாட்டும் பேச்சும் அமைந்திருக்கும். தென் திருவிதாங்கூரின் எல்லைப்புற வாழ்வே அந்த மொழிக் கலப்பில் ஒலிக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே ஏற்று நடித்த அந்நாளில், துணிந்து மேடையேறிய பெண்களுள் ரோசியும் ஒருவர். திரைப்படம் அவரைத் தேடி வந்தபோது அவர் நடிப்பு அறியாத பேதையாக இல்லை. தேர்ந்த நாட்டுப்புறக் கலைஞராகவே அவர் ஒளிப்படக் கருவியின் முன் நின்றார்.

அகஸ்தீஸ்வரத்து இளைஞரின் கனவு

அவரைத் தேடி வந்தவர் ஜே. சி. டேனியல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரத்தில் 1900-ஆம் ஆண்டு பிறந்தவர். வசதி படைத்த கிறித்தவ நாடார் குடும்பத்தினர். அடிமுறை, சிலம்பம் போன்ற தற்காப்புக் கலைகளில் அவருக்கு அளவிலா ஈடுபாடு. அக்கலைகளை மக்களிடம் பரப்பத் திரைப்படமே ஏற்ற கருவி என எண்ணினார். சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்று தொழில் கற்றார். குடும்பச் சொத்தை விற்றுக் கருவிகள் வாங்கினார். திருவனந்தபுரத்தில் பட்டம் என்னும் பகுதியை அடுத்து, திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில், இன்றைய கேரளத்தின் முதல் படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார்.

இந்தியாவின் பிற பகுதிகளில் புராணக் கதைகளே பெரிதும் படமாகிக்கொண்டிருந்த காலம் அது. டேனியலோ ஒரு சமூகக் கதையை எடுத்துக்கொண்டார். படத்தின் பெயர் ‘விகதகுமாரன்’. தொலைந்துபோன மகன் என்பது அதன் பொருள். திருவிதாங்கூரின் செல்வக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கடத்தப்பட்டு இலங்கைக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, பின் மேற்பார்வையாளனாக உயர்கிறான். தூரத்து உறவினனான ஓர் இளைஞன் அவனை அங்கே தற்செயலாகச் சந்திக்கிறான். இருவரும் ஊர் திரும்புகின்றனர். இறுதியில், முதுகில் உள்ள ஒரு தழும்பைக் கொண்டு பெற்றோர் தம் மகனை அடையாளம் கண்டுகொள்கின்றனர். உறவினனாக டேனியலே நடித்தார். வில்லனாக நடித்தவர் ஜான்சன். பிற்காலத்தில் தமிழ்த் திரையில் புகழ்பெற்ற பி. எஸ். சரோஜாவின் தந்தை.

எல்லாம் கூடிவந்தன, கதாநாயகி மட்டும் கிடைக்கவில்லை. இது டேனியலுக்கு மட்டும் நேர்ந்த இடர் அன்று. 1913-இல் தாதாசாகேப் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் சந்திரமதியாக நடித்தவர் ஓர் ஆண். மௌனப் படக் காலத்தில் வட இந்தியத் திரையில் ஒளிவீசிய சுலோசனா என்பவர் யூதக் குடும்பத்துப் பெண்ணான ரூபி மையர்ஸ். சீதாதேவி என்பவர் ஆங்கிலோ இந்தியரான ரெனி ஸ்மித். குடும்பப் பெண்கள் என்று சமூகம் மதித்தவர்கள் திரைக்கு வர அஞ்சினர். வந்தவர்களைச் சமூகம் பழித்தது. டேனியல் முதலில் பம்பாயிலிருந்து வரவழைத்த நடிகையோடும் ஒத்துப்போக இயலவில்லை. அந்நிலையில்தான் காக்காரிசி மேடையில் நடித்துவந்த ரோசி அவர் கண்ணில் பட்டார்.

கதையின் நாயகி சரோஜினி, ஒரு நாயர் குடும்பத்துப் பெண். அந்த வேடம் புலையர் குலத்து ரோசிக்குக் கொடுக்கப்பட்டது. டேனியல் புரட்சி செய்யத் திட்டமிட்டாரா, அன்றித் திறமையுள்ளவரைத் தேர்ந்தெடுத்தாரா என்பதைவிட, அவர் அதைச் செய்தார் என்பதே வரலாற்றில் நிலைத்த உண்மை.

ஆடையும் அணியும்

இந்த வேடம் ஏன் அத்தனை கொந்தளிப்பை உண்டாக்கிற்று? இதை விளங்கிக்கொள்ளத் திருவிதாங்கூரில் ஆடை என்பது என்னவாக இருந்தது என நாம் நினைவுகூர வேண்டும்.

உடலை மறைப்பதற்கும் மானம் காப்பதற்கும் உரியதே ஆடை என்று நாம் எண்ணுகிறோம். அங்கே ஆடை சாதியைப் பறைசாற்றும் அடையாளமாக இருந்தது. யார் எதை எப்படி உடுத்த வேண்டும், எந்த உலோகத்தில் அணி பூண வேண்டும் என்பனவெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தன. நாடார் குலப் பெண்கள், குறிப்பாகக் கிறித்தவம் தழுவியவர்கள், தோளை மறைத்து ஆடை உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினர். அவர்களுடைய ஆடைகள் பொதுவிடங்களில் கிழிக்கப்பட்டன. சிற்றாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. இறுதியாக 1859 ஜூலை 26-இல் அரசாணை ஒன்று வெளிவந்தது. மேலாடை அணியலாம் என்றது அந்த ஆணை. ஆயினும் உயர்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியக் கூடாது என்ற தடையையும் சேர்த்தே விதித்தது.

அணிகலனுக்கும் இதே நிலைதான். புலையர் பெண்கள் கழுத்தில் கல்மாலைகளையே அணிய வேண்டும் என்ற வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. அய்யன்காளியின் தலைமையில் எழுந்த இயக்கத்தின் விளைவாக, 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அப்பெண்கள் தம் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அப்பொழுது ரோசி பன்னிரண்டு வயதுச் சிறுமி.

இந்தப் பின்னணியில் அந்தப் படத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு புலையப் பெண், உயர்சாதிப் பெண்ணின் உடையில், உயர்சாதிப் பெண்ணின் அணிகலனோடு, பெரிய வெண்திரையில் தோன்றுகிறார். 1859-இன் ஆணை நாடார் பெண்களுக்கு எதைத் தடுத்ததோ, அதை அவர்களினும் கீழாக வைக்கப்பட்டிருந்த ஒருவர் எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஊரறியச் செய்துவிட்டார். மேலாடைக்காகப் போராடிய சமூகத்தில் பிறந்த ஒருவர்தான் அந்த உடையை அவருக்கு உடுத்திவிட்டார் என்பது வரலாற்றின் பொருள் பொதிந்த நிகழ்வு.

வெண்திரை கிழிந்த நாள்

‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் வெளியிடப்பட்டது. ஆண்டு 1928 என்பார் உளர். 1930 அக்டோபர் 23 என்பதற்கே இன்றைய ஆய்வாளர் பலர் சாய்கின்றனர். நகரத்துப் பெரியோர் அழைக்கப்பட்டிருந்தனர். நாயகி ரோசிக்கோ அந்த அரங்கில் இடமில்லை. அவர் வந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று சிறப்பு விருந்தினர் தரப்பில் கூறப்பட்டதாகப் பின்னாளில் இதை ஆராய்ந்து எழுதியோர் குறிப்பிடுகின்றனர். தாம் நடித்த படத்தைத் தாமே காண இயலாதவராய் அவர் வெளியே நிறுத்தப்பட்டார்.

மௌனப் படமாதலால் கதையை ஒருவர் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நாயகி திரையில் தோன்றியதும் கூச்சல் எழுந்தது. அவர் கூந்தலில் சூடிய மலரை நாயகன் முத்தமிடும் காட்சி வந்தபோது கூட்டத்தின் சினம் கட்டுக்கடங்கவில்லை. கற்கள் பறந்தன, வெண்திரை கிழிந்தது. நிழலின் மீது எறிந்த கல்லோடு அவர்களுடைய சினம் அடங்கவில்லை. ரோசியைத் தேடி அவருடைய குடிசைக்கும் சென்றது, குடிசை தீக்கிரையானது.

கல்லெறியக் கூடியவர்கள் முன் நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நாம் நற்செய்தியில் வாசித்திருக்கிறோம். அங்கே குனிந்து மண்ணில் எழுதிய ஒருவர் இருந்தார். கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. திருவனந்தபுரத்தில் அப்படி ஒருவரும் எழவில்லை. கூட்டத்தில் கிறித்தவர் எவரும் இல்லாமலா இருந்திருப்பர்? ஆயினும் அவருக்காக வாய் திறந்தவர் என ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

வேடமே வாழ்வானது

தப்பியோடிய ரோசிக்கு லாரி ஓட்டுநர் ஒருவர் இடம் கொடுத்தார். லாரி நாகர்கோவிலை நோக்கிச் சென்றது. பின்னர் அந்த ஓட்டுநரையே அவர் மணந்துகொண்டார். கணவர் நாயர் குலத்தவர். ரோசி என்ற பெயர் மறைந்தது. ராஜம்மாள் என்ற பெயரில் அவர் தமிழ்ப் பேசும் மண்ணில் வாழ்ந்தார். மேடையைப் பற்றியோ படத்தைப் பற்றியோ அவர் பேசவில்லை.

இதில் உள்ள கொடுமையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு படத்தில் சிறிது நேரம் நாயர் பெண்ணாக நடித்ததற்காகத் துரத்தப்பட்டவர், உயிரோடிருப்பதற்காக அந்த வேடத்திலேயே வாழ்நாளைக் கழிக்க நேர்ந்தது. கலைஞர் வேடத்தை விரும்பி ஏற்பார்; காட்சி முடிந்ததும் களைந்துவிட்டுத் தாமாக நிற்பார். ரோசிக்கு வேடத்தைக் களையும் உரிமை இல்லாமற் போயிற்று. பெயரையும் குலத்தையும் ஞானஸ்நானப் பெயரின் நினைவையும் அவர் விட்டுவிட வேண்டியதாயிற்று.

டேனியலும் தப்பவில்லை. படம் தோற்றது, கடன் பெருகியது, படப்பிடிப்பு நிலையம் கைவிட்டுப் போயிற்று. அவர் பல் மருத்துவராகிப் பிழைத்தார். மீண்டும் படத்தொழிலில் கைவைத்து எஞ்சியதையும் இழந்தார். 1956 நவம்பர் 1-இல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்த அவர் கேரள அரசின் உதவித்தொகையை நாடியபோது, அவர் தமிழ்நாட்டவர் என்ற காரணம் காட்டி மறுக்கப்பட்டது. 1975-இல் வறுமையில் மறைந்தார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-இல் தயாரித்த ‘பாலன்’ என்ற பேசும் படத்திலிருந்தே மலையாளத் திரை வரலாற்றைத் தொடங்குவது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

பின்னர் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே ஒப்புநோக்கலாம். 1954-இல் ‘நீலக்குயில்’ என்ற மலையாளப் படம் வெளிவந்து, குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. உயர்சாதி ஆணால் கைவிடப்பட்டு மாண்டுபோகும் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் நீலியின் கதை அது. மக்கள் கண்ணீர் வடித்தனர். நீலியாக நடித்தவர் பரணங்ஙானத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்ணான மிஸ் குமாரி, சிறந்த நடிகை. அவர்மீது நமக்குக் குறையில்லை. ஆயினும், ஒடுக்கப்பட்ட பெண்ணின் துயரத்தைப் பிறர் நடித்துக் காட்டினால் அழுத சமூகம், ஒடுக்கப்பட்ட பெண் ஒருத்தி பெருமிதத்தோடு வேறு வேடத்தில் நின்றபோது கல்லெறிந்தது என்பது சிந்திக்கத்தக்கது. இரக்கப்படுவது எளிது; சமமாக ஏற்பதுதான் அரிது.

தழும்பு காட்டும் அடையாளம்

காலம் மெல்லத் திரும்பிற்று. சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற எழுத்தாளர் டேனியலைத் தேடிக் கண்டு எழுதினார். 1992-இல் கேரள அரசு டேனியலின் பெயரில் விருது நிறுவியது. ரோசியைப் பற்றிக் குன்னுக்குழி மணி போன்றோர் தேடித் தேடி எழுதினர். 2008-இல் வினு ஆபிரகாம் இவரைக் குறித்து ஒரு நாவல் படைத்தார். 2013-இல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்டு’ திரைப்படம் இவ்வரலாற்றைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசென்றது. 2019-இல் கேரளத்துத் திரைத்துறைப் பெண்கள் தம் திரைப்படச் சங்கத்துக்கு ரோசியின் பெயரைச் சூட்டினர். 2023-இல் சென்னையில் அவர் பெயரால் திரைப்பட விழா நடைபெற்றது.

ஆயினும் அவர் நடித்த படம் இன்று இல்லை. படச்சுருளை டேனியலின் இளைய மகனே சிறுவயதில் விளையாட்டாக எரித்துவிட்டார். ரோசியுடையது என்று பரவியுள்ள ஒளிப்படமும் அவருடையதுதானா என்பது ஐயத்துக்குரியது. முதல் நாயகியின் முகமே நம்மிடம் இல்லை. பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலத்தை ஊற்றிய பெண்ணின் செயல் உலகமெங்கும் நினைவுகூரப்படும் என்றார் ஆண்டவர். மாற்கு நற்செய்தியில் அவருடைய பெயர் இல்லை. செயல் மட்டும் வாழ்கிறது. ரோசிக்குப் பெயர் எஞ்சியது, முகம் எஞ்சவில்லை.

அன்பர்களே, இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, ‘அக்காலத்துத் திருவிதாங்கூர் அப்படி’ என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியுமா? வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட நம் கத்தோலிக்க ஆலயமே சாதிக்கொரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நடுவே நின்ற சுவரை 1910-இல் கௌசானல் அடிகளார் இடித்தபோது, வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. ஒரே அப்பத்தை உண்பவர்களைச் சுவர் பிரித்து வைத்திருந்தது. கல்லறைகளில் நிற்கும் பிரிவுகளை நாம் அறியாதவர்கள் அல்லோம். 2003 நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்கள் உரோமை சென்றிருந்தபோது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதிப் பாகுபாட்டைத் திருச்சபையின் பணிக்கே தடையாகச் சுட்டிக்காட்டினார். நோய் இல்லாத வீட்டில் மருத்துவர் அவ்வாறு பேசமாட்டார்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745-இல் நீலகண்ட பிள்ளை என்ற நாயர் குல வீரர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். ஒடுக்கப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார், அவமானப்படுத்தப்பட்டார், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய கல்லறை நாகர்கோவில் கோட்டாற்றுப் பேராலயத்தில் உள்ளது. ரோசி தஞ்சம் தேடி வந்ததும் நாகர்கோவிலுக்குத்தான். ஒருவர் உயர்குலத்திலிருந்து இறங்கி வந்ததற்காக உயிரிழந்தார். மற்றவர் உயர்குலத்தார் உடையை ஒரு கதைக்காக உடுத்தியதற்காகப் பெயரிழந்தார். முன்னவருக்குப் பீடம் அமைத்த நாம், பின்னவர் அதே ஊரில் பெயரை மறைத்துக்கொண்டு வாழ்ந்ததை அறியாமலே இருந்துவிட்டோம்.

‘விகதகுமாரன்’ படத்தில் தொலைந்த மகனைத் தழும்பு கொண்டு அடையாளம் கண்டனர். உயிர்த்த ஆண்டவரையும் தோமா தழும்புகளைக் கொண்டே அடையாளம் கண்டார். ரோசியின் முகம் நமக்குக் கிடைக்காமற் போகலாம். கல்லும் தீயும் அவர் வாழ்வில் இட்ட தழும்பு நமக்குத் தெரியும். அத்தழும்போடு இன்றும் நம் பங்குகளில், நம் பக்கத்து இருக்கையில், சிலர் அமர்ந்திருக்கக்கூடும். தம் ஊரையோ தெருவையோ சொல்லத் தயங்கும் ஒருவர் எதிரில் நிற்கும்போது, அவர் எந்தப் பெயரைக் களைந்துவிட்டு நம்மிடையே வாழ்கிறார் என எண்ணிப் பார்ப்போம். அவர் தம் சொந்தப் பெயரோடு அச்சமின்றி அமரக்கூடிய இடமாக நம் ஆலயம் அமையுமானால், ரோசிக்கு நாம் செலுத்தவேண்டிய கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.